பாலத்தடி நிலையத்தின் 2,318 வழக்குகள்

1

இந்தக் கதை ஒரு திட்டுக் கடிதத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே பத்திரிகையில் என் தொடர்கதை முடிந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு பெரிய உறையில் போட்டு அனுப்பியிருந்தார். வழக்கமானவைதான். கதாநாயகியை ஏன் கொன்றீர்கள் என்று நான்கு பேர். இன்னும் சீக்கிரம் ஏன் கொல்லவில்லை என்று ஒருவர். எல்லாவற்றுக்கும் அடியில், கோடு போட்ட தாளில் முத்து முத்தாக ஒரு கடிதம்:

‘ஒன்பதாவது அத்தியாயத்தில் ரயில் பெட்டியில் பதின்மூன்று பேர் ஏறுகிறார்கள். வழியில் யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. ஒருவர் கொலையாகிறார். பதினேழாவது அத்தியாயத்தில் மீதமுள்ள பதின்மூன்று பேரையும் விசாரிக்கிறார்கள். செத்தவரையும் சேர்த்தா? கூட்டிப் பார்க்காமல் எழுதாதீர்கள். இப்படிக்கு, ஒரு வாசகி, பாலத்துக்கு அந்தப் பக்கம்.’

தேதி இருந்தது. பெயர் இல்லை, முகவரி இல்லை.

சிரித்துக்கொண்டே அம்மாவிடம் நீட்டினேன். அம்மாவுக்கு எண்பத்தொன்று. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். சிரிக்கவில்லை.

“இது அவ எழுத்து” என்றாள்.

“எவ எழுத்து?”

“தேதியில இருக்கிற எட்டைப் பாரு. மேல ஒரு வட்டம், கீழ ஒரு வட்டம், தனித்தனியா போட்டு ஒட்ட வெப்பா. ரேடியோ.”

ரேடியோ சித்தி. சொந்தச் சித்தி இல்லை, அம்மாவின் அலுவலகத் தோழி. நான் ஆறு வயசில் கேட்ட பெயர். அதற்கப்புறம் ஐம்பத்தோரு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர்.

“உன் பேரைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ வெச்ச பேர்தானே அது” என்றாள் அம்மா. எனக்கு அதுவும் அன்றைக்குத்தான் தெரியும்.

“அப்போ பதில் போடுவோமே.”

“எங்கேன்னு போடுவே? முகவரி எழுதலையே. வேணும்னுதான் எழுதல.” கொஞ்ச நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அவ பத்திரிகை படிக்கிறா இல்ல? அதுல எழுது.”

“என்னன்னு?”

“நான் அவளுக்குச் செஞ்சதை. நான் சொல்றேன், நீ எழுது. ஜோடிக்காம எழுது.”

ஜோடிக்காமல் எழுதுவது. இருபத்தெட்டு வருஷமாக நான் செய்யாத ஒரே வேலை.

2

ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “உண்மைக் கதையா? தாராளமா எழுதுங்க. ஐந்து பக்கம். ஒரு கொலையாவது இருக்கட்டும்” என்றார். எனவே முதல் தொடக்கம் இப்படி அமைந்தது:

‘டுமீல்! பாலத்தின் நடுவே அந்த உருவம் சரிந்த

(விட்டுவிட்டேன். இந்தக் கதையில் யாரும் சுடப்படவில்லை. ஆசிரியர் மன்னிக்கவும்.)

இரண்டாவது தொடக்கம்:

‘பாலத்தடி காவல் நிலையத்தின் பழைய கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. உள்ளே

“அந்த ஸ்டேஷனுக்குக் கதவே கிடையாது. வெள்ளத்துல போயிடுச்சு. சாக்குதான் தொங்கும்” என்றாள் அம்மா. சாக்கு கிறீச்சிடாது. அதுவும் போயிற்று.

மூன்றாவது தொடக்கத்தைக் கனமாக வைத்தேன்:

‘அரசியல் விடுதலை பெற்ற அண்டை நாடுகளின் குற்றப் போக்குகளை ஒப்பிடும்போது முதலில் கவனிக்க வேண்டியது என்னவெனில்

“நிறுத்து. இது எங்க அறிக்கையோட முதல் வரி. நானும் அவளும் சேர்ந்து எழுதினது. உனக்கு எங்கே கிடைச்சுது?”

“அலமாரியில. பழைய ஃபைல்ல.”

“குற்றக் கதை எழுதறவ திருடலாமா?”

திருடியது உண்மை. ஆனால் கதை அதைப் பற்றியதுதான். இரண்டு நாடுகளை ஒப்பிட இரண்டு பெண்களை உட்காரவைத்தார்கள். அந்த ஒப்பீட்டில் என்ன பிசகியது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் விஷயம். எனவே மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன். ‘என்னவெனில்’ என்பதற்குப் பிறகு என்ன என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.

3

விடுதலைக்கு முன்னால் இரண்டும் ஒரே அந்நிய ஆட்சியின் கீழ் இருந்தன. நடுவே ஆறு, ஆற்றின் மேல் பாலம். இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரே குற்றப் பதிவேட்டு அலுவலகம்.

மாடியில் ஒரு நீள அறை. கீழே காவல்துறையின் சாமான் கிடங்கு. பெல்ட்டுக்கும் பூட்ஸுக்கும் போடும் பாலிஷ் வாசனை படியேறி வரும். ஆறு ஜன்னல்களில் நான்கு திறக்கும். கூட்டல் போட ஒரு கைப்பிடி இயந்திரம் இருந்தது. அது எல்லா 7-ஐயும் 1 என்றே அச்சடித்ததால் அதன் மேல் தண்ணீர்க் கூஜாவை வைத்துவிட்டார்கள். மூலையில் பழுப்பு நாடா கட்டிய கட்டுகள், ஆள் உயரத்துக்கு. (ஆள் உயரம் என்றால் அம்மா உயரம். அவளுக்கு அலுவலகத்தில் பெயர் ‘நெட்டை’.)

அம்மாவும் ரேடியோ சித்தியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இருவருக்கும் இருபது வயசு. நாற்காலி ஒன்று குறைந்ததால் இருவரையும் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மூன்று நாளில் நாற்காலி வந்துவிடும் என்றார்கள். மூன்று வருஷம் வரவில்லை. வந்தபோது இவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வருஷக் கடைசியில் ஒவ்வொரு காவல் நிலையமும் தன் ஆண்டுப் பட்டியலை இரண்டு படிகளில் அனுப்பும். ஒருத்தி முதல் படியை உரக்க வாசிப்பாள், மற்றவள் பதிவேட்டில் எழுதுவாள். பிறகு இடம் மாறி, இரண்டாவது படியை அடுத்தவள் வாசிக்க, முன்பு வாசித்தவள் டிக் போடுவாள். இரண்டு வாசிப்பும் ஒத்துப்போனால் அது சரி. அதற்கு மேல் கேள்வி கிடையாது. அந்த அறையின் ஒரே சட்டம் இதுதான். (இதை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். ஆனால் துப்பறியும் கதையில் துப்பை அடிக்கோடிட்டால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். நீங்களாகவே மனசில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.)

சித்தி வாசித்தால் தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும். அதனால்தான் ரேடியோ.

“ஆடு?” என்பாள் அம்மா.

“நாலு.”

“கோழி?”

“பதினேழு. ஒரே வீடு.”

“ஐயோ பாவம்.”

“யாரு, வீட்டுக்காரரா, கோழியா? எழுதுடி. அடுத்தது, சைக்கிள் மணி ஒண்ணு.”

“சைக்கிள்?”

“சைக்கிள் போகல. மணி மட்டும்.”

“மானஸ்தன்டி. தேவையானதை மட்டும் எடுத்திருக்கான்.”

தலைமை எழுத்தர் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்குவார். “ஏம்மா, இது குற்றப் பதிவேடா, நாடகக் கொட்டகையா?”

“வாசிக்கச் சொன்னது நீங்கதானே சார்.”

“வாசிக்கச் சொன்னேன். நடிக்கச் சொல்லல.”

இதைச் சொல்லும்போது அம்மா தலைமை எழுத்தர் மாதிரியே மூக்கைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் சமையலறை மேஜையில், பகல் மூன்று மணி வெயிலில், எண்பத்தொரு வயசு அம்மா இருபது வயசில் இருந்தாள். “திருட்டு, அடிதடி, வெட்டு, குத்து. ஊர்ல நடக்கிற அத்தனை கெட்டதும் எங்க பெஞ்சுக்குத்தான் வரும். ஆனா அந்த மாதிரி நான் சிரிச்ச இடம் வேற இல்லை” என்றாள்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பகுதி ஆசிரியர் கொடுத்த அளவை மீறிவிட்டது. குறைக்க மனசில்லை.

4

எட்டு நாள் இடைவெளியில் இரண்டு கொடிகள் ஏறின. இரண்டு கரையிலும் ஜனங்கள் தெருவில் ஆடினார்கள். அம்மாவும் சித்தியும் முதல் கொடிக்கு இங்கே ஆடினார்கள், எட்டாம் நாள் பாலத்தைத் தாண்டிப் போய் அங்கேயும் ஆடினார்கள். “ரெண்டு தடவை விடுதலை வாங்கினது நாங்க ரெண்டு பேர்தான்” என்றாள் அம்மா.

பிறகு சாமான் பிரித்தார்கள். பெஞ்சு எங்கள் பக்கம். கூஜாவும், அது உட்கார்ந்திருந்த இயந்திரமும் அந்தப் பக்கம். சித்தியின் வீடு அந்தக் கரையில் இருந்ததால் சித்தியும் அந்தப் பக்கம். பழைய பதிவேட்டைப் பார்த்து ஆளுக்கொரு புதிய பதிவேடு எழுதிக்கொண்டார்கள். இரண்டிலும் முதல் வரி ஒன்றுதான்: ‘1. பாலத்தடி நிலையம்.’ அந்த நிலையம் இந்தக் கரையில் இருந்தாலும் பாலமும் இரண்டு கரைச் சந்தைகளும் அதன் எல்லைக்குள் வந்தன. அதை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல், ‘தற்காலிகமாக’ இரண்டு நாட்டுக்கும் ஆளுக்கொரு படி அனுப்பச் சொன்னார்கள். இந்தத் ‘தற்காலிகம்’ ஏழு வருஷம் ஓடியது.*

[* உலகத்தின் எல்லா அரசாங்கங்களிலும் ஆயுள் கெட்டியான சொல் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.]

இரண்டு புது அரசாங்கங்களுக்கும் ஓர் ஆசை. அந்நியன் போன பிறகு நாம் எப்படி இருக்கிறோம், முக்கியமாகப் பக்கத்து நாட்டுக்காரனைவிட எப்படி இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். எனவே வருஷத்துக்கு ஒரு நாள், பாலத்தை ஒட்டிய ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில், இரு பக்கத்துப் பதிவேட்டு எழுத்தர்களும் சந்தித்து ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். இரு பக்கமும் யாரை அனுப்பின என்று சொல்லத் தேவையில்லை.

“வேலை ஒண்ணரை மணி நேரம். பேச்சு அஞ்சு மணி நேரம்” என்றாள் அம்மா. “ரெண்டு சர்க்காரும் சேர்ந்து எங்களுக்குப் பேச லீவு குடுத்த மாதிரிதான்.”

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் கண்டுபிடித்ததை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. அந்தப் பக்கம் சைக்கிள் திருட்டை வாகனத் திருட்டில் எழுதினார்கள், இந்தப் பக்கம் சில்லறைத் திருட்டில். எனவே அங்கே வாகனத் திருடர்கள் மலிந்தார்கள், இங்கே சில்லறைத் திருடர்கள். அங்கே, மனைவியை அடித்தால் வழக்கு எழுத வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. இங்கே அது ‘குடும்பத் தகராறு’, எழுதத் தேவையில்லை. அட்டவணையைப் பார்த்தால் அந்த நாட்டு ஆண்கள் எல்லோரும் ஒரே வருஷத்தில் மிருகமாகிவிட்டது போலிருக்கும்.

“புது ஆட்சி வந்ததும்தான் ஜனங்க ஸ்டேஷன் படியே ஏறினாங்க. முன்னே போலீஸைக் கண்டா திருட்டு குடுத்தவனே ஓடுவான்” என்றாள் அம்மா. “புகார் கூடினா திருட்டு கூடிச்சுன்னு அர்த்தமா? இதையெல்லாம் அடிக்குறிப்பா எழுதுவோம். அடிக்குறிப்பை யாரு படிக்கிறா?”

5

பத்திரிகைகள் படிக்கவில்லை. ‘சுதந்திரம் வந்தது, திருடனும் வந்தான்’ என்று இங்கே ஒன்று தலைப்புப் போட்டது. அங்கே கொஞ்சம் வேறு மாதிரி, ஆனால் அர்த்தம் அதேதான். விடுதலைக்கு முந்தைய வருஷம், பாலத்தடியைச் சேர்க்காமல், இந்தப் பக்கம் 4,112 வழக்குகள், அந்தப் பக்கம் 3,940. ஏழாவது வருஷம் இங்கே 6,204, அங்கே 5,987. திருடர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்றது இந்த அரசாங்கம். அதையே திருப்பிச் சொன்னது அந்த அரசாங்கம். பாலத்தை மூடிவிடலாமா என்று இரண்டும் யோசிக்க ஆரம்பித்தன. இந்த எண்களை உறுதிசெய்யும் ஏழாவது வருஷ ஒப்பீட்டு அட்டவணைக்காகக் காத்திருந்தன.

அந்தக் காத்திருப்பு அறையை அம்மா சொன்னபடி எழுதுகிறேன். மர நாற்காலிகள், ஒரு முள் உடைந்த கடிகாரம், ‘துப்பாதீர்கள்’ என்ற பலகை, அதற்கு நேர் கீழே துப்பிய அடையாளம். சித்தி மடியில் பதிவேடு. அம்மா கையில் பென்சில்.

“ஒண்ணு. பாலத்தடி. ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினெட்டு.”

“டிக். இது ஒண்ணுதாண்டி வருஷா வருஷம் கரெக்டா ஒத்துப்போகுது. மத்ததெல்லாம் உன் நாடு ஒரு தினுசு, என் நாடு ஒரு தினுசு.”

சித்தி அடுத்த வரியை வாசிக்கவில்லை.

“ஏய் நெட்டை.”

“என்ன?”

“இது ஏண்டி ஒத்துப்போகணும்?”

“ஒத்துப்போனா சரிதானே?”

“அது அப்போ. இப்போ நீ வேற நாடு, நான் வேற நாடு. உன் திருடனும் என் திருடனும் எண்ணி வெச்ச மாதிரி எப்படிடி ஒரே அளவா இருப்பாங்க?”

வேறு யாராவது இரண்டு பேராக இருந்திருந்தால் முதல் வருஷமே கண்டுபிடித்திருப்பார்கள். இவர்கள் இருவரும் ஒத்துப்போனால் சரி என்ற ஒரே சட்டத்தில் பழகியவர்கள். ஒத்துப்போவதைப் பார்த்துப் பார்த்து ஏழு வருஷம் சந்தோஷமாக டிக் போட்டிருக்கிறார்கள். ஒரே நிலையத்தின் வழக்குகளை இரண்டு நாடுகளும் முழுசாகத் தத்தம் கணக்கில் எழுதியிருக்கின்றன.

அம்மா பென்சிலால் கழித்தாள். இந்தப் பக்கம் 3,886. சித்தி கழித்தாள். அந்தப் பக்கம் 3,669.

இரண்டு நாட்டிலும் குற்றம் குறைந்திருந்தது.

இருவரும் பாலத்தடியின் பட்டியலை முதல்முறையாக உட்கார்ந்து படித்தார்கள். விடுதலைக்கு முன்னால் அந்த நிலையத்தில் வருஷத்துக்கு அறுபத்தொரு வழக்கு. இப்போது 2,318. ஏறக்குறைய எல்லாம் ஒரே குற்றம்: அனுமதியின்றி எல்லை தாண்டிப் பொருள் கொண்டுசென்றது. துணி மூட்டை. மண்ணெண்ணெய் டின். தையல் இயந்திரத்தின் தலை. அக்கா வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்குப் போன ஒரு மெத்தை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதற்கெல்லாம் ‘சாமான் எடுத்துப்போவது’ என்று பெயர்.

சித்தி தன் பையைப் பார்த்தாள், அம்மாவின் பையைப் பார்த்தாள். இரண்டிலும் ஒருத்திக்கு ஒருத்தி கொண்டுவந்த பொட்டலங்கள்.

“நம்மளையும் சேர்த்தா ரெண்டாயிரத்து முந்நூத்து இருபது” என்றாள்.

அன்றைக்கு அவர்கள் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான் என்று அம்மா சொன்னாள்.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒருத்தி மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவள் தன் நாட்டு எண்ணைக் குறைத்துக் காட்டப் பார்க்கிறாள் என்பார்கள். எனவே வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இருவரும் தத்தம் மேலதிகாரியிடம் ஒரே வாசகத்தில் கடிதம் கொடுப்பது. ‘ஏழு ஆண்டுகளாக இரு தரப்பும் ஒரே நிலையத்தைக் கணக்கில் சேர்த்துள்ளோம். தவறு எங்களுடையது.’ வேலை போகலாம். ஆனால் பாலம் மூடாது.

6

திங்கட்கிழமை காலை பத்து மணி. இந்தக் காட்சிக்கு நான் முதலில் எழுதியது இது:

‘மேலதிகாரி சுருட்டைக் கடித்தபடி சிரித்தார். “உனக்குக் குழந்தைகள் இரண்டு, இல்லையா?” அந்தக் குரலில் இருந்த விஷம்

“சுருட்டா? அவருக்கு ஆஸ்துமா” என்றாள் அம்மா.

“சரி, சுருட்டை எடுத்துடறேன்.”

“ஆளையே எடு. அவர் மிரட்டல. நல்ல மனுஷன்.”

“அம்மா, கதைக்கு ஒரு வில்லன் வேணும்.”

“இருக்காளே. உன் எதிர்லதான் உட்கார்ந்திருக்கா.”

அதற்குப் பிறகு நான் பேனாவைத் தொடவில்லை. அம்மா சொன்னாள், கேட்டேன். ஒரு நாள் கழித்து எழுதினேன். கீழே இருப்பது அதுதான்.

கடிதம் அம்மாவின் கைப்பையில் இருந்தது. ஒன்பதே முக்காலுக்கு மேலதிகாரி பெஞ்சருகே வந்து, “நல்ல சேதி இருக்கும்மா. நிரந்தர வேலைக்கான பட்டியல்ல உங்க பேரு இருக்கு. இந்த வாரம் உத்தரவு வந்துடும்” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வாரம் பொறுத்துக் கொடுத்தால் என்ன என்று அம்மாவுக்குத் தோன்றியது. பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது.

அந்தப் பக்கம் சித்தி பத்து மணிக்கே கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை அங்கிருந்து விசாரணை வந்தது. மேலதிகாரி அம்மாவைக் கூப்பிட்டார். “அந்தப் பக்கம் ஒரு எழுத்தர், நாமளும் பாலத்தடியைச் சேர்க்கிறோம்னு சொல்றாங்களாம். நம்ம கணக்குல அது இருக்கா?”

பதிவேடு அவர் மேஜையிலேயே இருந்தது. திறந்தால் முதல் பக்கம், முதல் வரி.

“இல்லை சார்” என்றாள் அம்மா.

அவர் திறக்கவில்லை. “அப்போ ஒரு வரி எழுதிக் குடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தாள்.

“மிரட்டுறவன்கிட்ட பொய் சொன்னா அது ஒரு தினுசு. அவர் என்னை நம்பினார். அவளும் என்னை நம்பினா” என்றாள் அம்மா.

நான் மெதுவாகக் கேட்டேன். “நானும் தம்பியும் சின்னப் பிள்ளைங்க, அப்பா இல்லை. அதை ஒரு வரி விளக்கமா எழுதட்டுமா?”

“எழுதாதே. அவ வீட்டுலயும் மூணு வாய் இருந்தது. அவ குடுத்தாளே.”

7

இதற்கு மேல் நடந்தது கொஞ்சம்தான், வேகமாகச் சொல்லிவிடலாம். இரண்டு வாரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அலுவலகக் குறிப்பு வந்தது: கணக்கில் பொய்த் தகவல் சேர்க்க முயன்ற எழுத்தர் பணி நீக்கம் செய்யப்பட்டார். அந்த மாதக் கடைசியில் பாலம் மூடப்பட்டது. பாலத்தில் ஆள் நடமாட்டம் இல்லாததால் பாலத்தடி நிலையத்துக்கு வழக்கும் இல்லை. அடுத்த வருஷ அட்டவணையில் இரண்டு நாட்டிலும் குற்றம் தலைகுப்புற இறங்கியது. பாலத்தை மூடியதன் பலன் என்று இரண்டு அரசாங்கமும் மார்தட்டின. அந்த அட்டவணை தபாலில் வந்தது. சித்தியின் இடத்தில் வேறு யாருடைய எட்டோ இருந்தது.

அம்மாவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. பிற்பாடு அந்த அறைக்கே தலைவியானாள். நாங்கள் படித்தோம். நான் கதை எழுத வந்தேன். சித்திக்கு அம்மா இரண்டு முறை கடிதம் போட்டாள். இரண்டும் ‘வீடு மாறிவிட்டார்’ என்று திரும்பி வந்தன. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாலத்தைத் திறந்தார்கள். அப்போதிருந்துதான் இந்தப் பத்திரிகையும் அந்தப் பக்கம் போகிறது.

(அலமாரி ஃபைலில் நான் திருடிய வாக்கியம் முற்றுப்பெற்றிருந்தது. ‘முதலில் கவனிக்க வேண்டியது என்னவெனில், எல்லை புதிதாகப் போடப்பட்ட இடத்தில் குற்றமும் புதிதாக உண்டாகிறது.’ முதல் பாதி அம்மா கையெழுத்து. இரண்டாவது பாதி சித்தியுடையது. ஐந்தாம் பகுதியில் சொல்வதாகச் சொன்னேன், தவறிவிட்டேன். கூட்டிப் பார்க்காமல் எழுதுகிறவள்தானே நான்.)

8

முடிவுகள். தொழில் பழக்கம், மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: இந்த இதழ் வெளியான சனிக்கிழமை பாலம் தாண்டி வரும் பேருந்தில் ஒரு முதியவள் இறங்குகிறாள். எங்கள் வாசல் மணி அடிக்கிறது.

“அவ ஏன் வரணும்? செஞ்சது நான்.”

இரண்டு: அம்மா அந்தப் பேருந்தில் ஏறுகிறாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன்.

“வீடு தெரியாது. தெரிஞ்சாலும் அவ கூப்பிடாம நான் போய்க் கதவைத் தட்டக் கூடாது.”

மூன்று: எந்தப் பதிலும் வரவில்லை. வருஷங்கள் ஓடுகின்றன.

“அதை நீ எப்படி எழுதுவே? அதுவும் அவ செய்ய வேண்டியதுதானே” என்றாள் அம்மா. “நீ உன் பக்கத்தை மட்டும் எழுதி நிறுத்து.”

சரி. வாசகர்களே, உங்களில் ஒருவரிடம் மட்டும் பேச வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். போக மாட்டீர்கள் என்று தெரியும். இருங்கள், ஆனால் சத்தம் போடாதீர்கள்.

ரேடியோ சித்தி, இது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. ஓர் எழுத்துக்கூட என்னுடையது இல்லை:

‘பிழைத் திருத்தம். விடுதலைக்குப் பிந்தைய முதல் ஏழு ஆண்டுகளின் ஒப்பீட்டு அட்டவணையில், பாலத்தடி நிலையத்தின் வழக்குகள் எங்கள் கணக்கிலும் சேர்க்கப்பட்டிருந்தன. சேர்த்தவள் நான். சேர்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவளும் நான். அந்தத் தரப்பு எழுத்தர் கொடுத்த கடிதம் முழுவதும் உண்மை.’

மன்னிப்பு என்ற சொல்லைச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். கேட்டுட்டா அவ குடுத்தாகணும்னு ஆயிடும்.”

“வேற எதுவும் சொல்லணுமா?”

அம்மா மேஜை மேலிருந்த பென்சிலை எடுத்துச் சீவினாள், சீவியதையே மறுபடி சீவினாள்.

“சொல்ல ஒண்ணும் இல்லை. கேட்கணும்” என்றாள். “வேலை போன பிறகு அவ என்ன பண்ணினா? மூணு பேரை வெச்சுக்கிட்டு எப்படிக் குடும்பத்தை ஓட்டினா? ஐம்பத்தோரு வருஷமா எனக்கு அதுதான் தெரியணும்.”

கேட்டுவிட்டேன், சித்தி. பதிலை நானே எழுதிப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக நீங்கள், கரும்பலகை முன்னால்

அடித்துவிட்டேன். துணிக்கடையில் ரசீது எழுதுகிறவராக

அதையும் அடித்துவிட்டேன். பதின்மூன்று பேரை ரயிலேற்றி ஒருவரைக் கொன்று, மறுபடி பதின்மூன்று பேரை இறக்க எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாது.

பத்திரிகையின் முகவரி கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. எழுதாமல் இருப்பது உங்கள் இஷ்டம். அதைக் குறை சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை. எழுதினால், உறையின் மேல் ‘நெட்டைக்கு’ என்று மட்டும் போடுங்கள். ஆசிரியரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அவர் தொட மாட்டார். நானும் பிரிக்க மாட்டேன். அப்படியே கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்துவிட்டு, அறைக்கு வெளியே போய்விடுவேன்.